ஓடத் தொடங்குகிறவர்களின் கணைக்கால் வலி

காவலர் தேர்வுக்கோ ராணுவ ஆள்சேர்ப்புக்கோ அறிவிப்பு வெளியானால் போதும், அடுத்த வாரமே வேலூர் நேதாஜி விளையாட்டு மைதானத்திலும் கோட்டை வளாகத்திலும் விடியற்காலையில் ஓடுகிறவர்களின் கூட்டம் பெருகிவிடும். காட்பாடி, அணைக்கட்டு, கணியம்பாடி, குடியாத்தம் என்று சுற்றுவட்டாரம் முழுவதிலிருந்தும் பிள்ளைகள் இருள் பிரியும் முன்பே வந்து சேர்கிறார்கள். கம்மவான்பேட்டையைப் போல, வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பதாகப் பெயரெடுத்த ஊர் உள்ள மாவட்டம் இது. இங்கே பல குடும்பங்களுக்கு ஓட்டம் என்பது பிழைப்புக்கான வழி. அந்தக் கூட்டத்தில் கணிசமானவர்கள் ஒரு மாதம் தாண்டுவதற்குள் முழங்காலுக்குக் கீழே உட்பக்கமாக வலிக்கிறது என்று ஒதுங்கி உட்கார்ந்துவிடுவதை உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் பார்த்தேன். ஓய்வுபெற்ற பிறகு காலை நடைக்குப் போகும்போதும் பார்க்கிறேன். அவர்களுக்காகவும், சர்க்கரைக்கோ எடைக்கோ பயந்து நாற்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்குகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்று பயிற்சியாளர்கள் சொல்வதும், மீடியல் டிபியல் ஸ்ட்ரெஸ் சிண்ட்ரோம் என்று மருத்துவர்கள் சீட்டில் எழுதுவதும் இந்த வலியைத்தான். இதற்கு முதற்காரணம் உடல் பலவீனமும் அல்ல, ஷூவும் அல்ல. மூச்சு பழகுகிற வேகத்தில் எலும்பு பழகுவதில்லை என்பதுதான் காரணம். புதிதாக ஓடுகிறவருக்கு முதல் வாரத்தில் மேல்மூச்சு வாங்கும்; மூன்றாவது வாரத்தில் இதயமும் நுரையீரலும் ஓரளவு பழகிவிடும்; அப்போது அவர் இன்னும் இரண்டு சுற்று சேர்த்து ஓடலாம் என்று நினைக்கிறார். ஆனால் அவருடைய கணைக்கால் எலும்பு அந்த நேரத்தில் முன்பைவிட உறுதியாக இல்லை, சற்றுப் பலம் குறைந்துதான் இருக்கும்.

ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. 60 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 500 முறை அந்த விசையைத் தாங்குகிறது, ஒவ்வொரு முறையும் கணைக்கால் எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நிமிர்கிறது. பழக்கமில்லாத இந்தச் சுமையை உணர்ந்ததும் உடல் அந்த எலும்பைத் திருத்திக் கட்டத் தொடங்கும். முதலில் பழைய பகுதியைக் கரைக்கும் வேலை நடக்கும், அது சில வாரங்களில் முடிந்துவிடும். அந்த இடத்தில் புதிய எலும்பை நிரப்பிக் கெட்டிப்படுத்த மாதங்கள் பிடிக்கும். கரைத்தாகிவிட்டது, நிரப்பவில்லை என்கிற இடைவெளியில் தூரத்தையும் வேகத்தையும் கூட்டுவது, பழைய சுவரை இடித்துவிட்டுப் புதுச் சுவர் எழும்புவதற்குள் கூரையை ஏற்றுவதைப் போன்றது. கெண்டைச் சதைக்கு அடியில் தட்டையாகப் படிந்திருக்கும் சோலியஸ் தசை களைத்துப்போனால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் எலும்பு வளைவதைத் தடுத்துப் பிடிக்கிற வேலையில் பெரும் பங்கு அந்தத் தசையுடையது.

வலி வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். சென்ற ஆண்டு காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த பையன் ஒருவன் நொண்டிக்கொண்டே வந்தான். "எங்கப்பா வலிக்குது, ஒரே விரல்ல தொட்டுக் காட்டு" என்றேன். அவன் குனிந்து, ஒரு விரலால் காட்ட முயன்று, முடியாமல், உள்ளங்கையைக் கணுக்காலுக்கு மேலிருந்து பாதிக் கால் வரை இழுத்துக் காட்டினான். "இங்கேர்ந்து இதுவரைக்கும் முழுசா வலிக்குது சார். ஓட ஆரம்பிக்கிறப்ப இருக்குது, நடுவுல காணாமப் போயிடுது, வீட்டுக்குப் போனப்புறம் மறுபடி வருது." அவன் சொன்னது இந்த வலியின் அச்சு அசலான குணம். கணைக்கால் எலும்பின் உள்விளிம்பில், கீழ்ப்பாதியில், நான்கு ஐந்து விரற்கடையோ அதற்கு மேலோ பரவி வலிக்கும். அழுத்தினால் அந்த விளிம்பு நெடுகவும் நோகும். உடல் சூடேறியதும் அடங்கி, ஆறியதும் திரும்பும். இன்னும் ஓடிக்கொண்டே இருந்தால் நடுவில் அடங்குவது நின்றுபோய், ஓட்டம் முழுவதும் வலிக்கும், பிறகு நடந்தாலும் வலிக்கும்.

ஒரே விரலால் ஒரே புள்ளியைத் தொட்டு "இங்கேதான்" என்று காட்டுகிறவரை நான் ஓட விடுவதில்லை. அந்த இடத்தில் எலும்பில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். இரவில் படுத்திருக்கும்போதும் வலிப்பது, சாதாரணமாக நடக்கும்போதே வலிப்பது, ஒற்றைக் காலில் குதித்தால் அந்தப் புள்ளியில் சுரீரென்று குத்துவது, அங்கே சிறு வீக்கம் தெரிவது ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றில் ஒன்று இருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும்; அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சி.எம்.சி.யிலும் இதற்கான துறைகள் உள்ளன. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று வந்துவிட்டால் பலர் மறுநாளே ஓடப் போய்விடுகிறார்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் இத்தகைய விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும் என்பதை மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். குறிப்பாக எலும்பின் முன்பக்கத்தில், நடுப்பகுதியில் புள்ளியாக வலித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது, ஏனென்றால் அங்கே ஏற்படும் விரிசல் ஆறுவது கடினம், முழு முறிவாகவும் மாறக்கூடும். ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் காலின் சதை கல்லைப் போல இறுகி, பாதம் மரத்து, நின்றதும் சிறிது நேரத்தில் சரியாகிவிடுகிறது என்றால் அது தசையறைக்குள் அழுத்தம் ஏறுகிற வேறு கோளாறு. அதற்கும் மருத்துவர்தான் வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கி, சிவந்து, சூடாக இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

நம் பக்கத்தில் காலில் எது வந்தாலும் எண்ணெய் போட்டு உருவி விடுவது வழக்கம். எலும்பு முறிந்துவிட்டது என்று தெரிந்தால் ஆந்திராவிலுள்ள புத்தூருக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொள்கிற குடும்பங்கள் இன்றும் வேலூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் நிறைய உண்டு. அந்த நம்பிக்கையைப் பழிக்க நான் வரவில்லை. ஆனால் இந்த வலியில் எலும்பின் விளிம்பே நொந்திருக்கிறது. அதன் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி இழுத்து உருவினால் நோவு கூடும், உள்ளே விரிசல் இருந்தால் கேடு விளையும். கெண்டைச் சதையை மட்டும் இதமாகப் பிடித்துவிடலாம், எலும்பைத் தொட வேண்டாம். கட்டுப் போடுவதானால், உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்பதைப் படம் எடுத்துப் பார்த்த பிறகு மருத்துவர் சொல்கிறபடி நடந்துகொள்வதுதான் பாதுகாப்பு.

முதல் சில நாட்களுக்கு ஐஸ் ஒத்தடம் வலியைக் குறைக்கும். ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி 15 நிமிடம் வைத்தால் போதும், தோலில் நேரடியாகப் படக் கூடாது. சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் இதைச் செய்யக் கூடாது. ஐஸ் வலியைத்தான் தணிக்கும், எலும்பை ஆற்றாது. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கத்தை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நிறுத்து என்று கால் சொல்வதை அது கேட்கவிடாமல் செய்கிறது. அதோடு, 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டுகிற வேலூர் வெயிலில் வியர்த்து உடலில் நீர் வற்றியிருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

உண்மையான மருந்து சுமையைக் குறைப்பதுதான். அதற்காகக் கட்டிலில் படுத்துவிட வேண்டியதில்லை. நடக்கும்போது வலி இல்லை என்றால் நடக்கலாம். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசு கொடுத்த சைக்கிள் பல வீடுகளில் திண்ணையோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதை எடுத்து முக்கால் மணி நேரம் மிதித்தால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிடைத்த பயிற்சி வீணாகாது, கணைக்காலுக்கும் அடி விழாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், துணைக்கு ஆள் இருக்கும்போது, நீந்தலாம். ஓடாமல் இருந்தால் எல்லாம் போய்விடும் என்ற பயம்தான் பிள்ளைகளை வலியோடு ஓட வைக்கிறது. அந்தப் பயத்துக்கு சைக்கிள் நல்ல பதில் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறேன்.

மறுபடி ஓடத் தொடங்குவதற்கு நான் மூன்று சோதனைகளை வைத்திருக்கிறேன். அரை மணி நேரம் வேகமாக நடந்தால் வலிக்கக் கூடாது. எலும்பின் உள்விளிம்பை விரலால் அழுத்திக்கொண்டே போனால் எங்கும் நோகக் கூடாது. ஒற்றைக் காலில் பத்து முறை குதித்தால் வலி தெரியக் கூடாது. மூன்றும் தேறி ஒரு வாரம் ஆன பிறகு, ஒரு நிமிடம் மெதுவோட்டம், இரண்டு நிமிடம் நடை என்று மாற்றி மாற்றி அரை மணி நேரம், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்ய வேண்டும். மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி முதல் அடி வைக்கும்போது கால் என்ன சொல்கிறது என்பதை வைத்துத்தான் அடுத்த படி. வலி இல்லை என்றால் ஓடும் நேரத்தை ஒரு நிமிடம் கூட்டலாம். லேசாக இருந்தால் அதே அளவிலேயே நிற்க வேண்டும். நடையே மாறுகிற அளவுக்கு வலித்தால் மறுபடி சைக்கிளுக்குப் போக வேண்டும். லேசான வலியில் பிடித்துக்கொண்டவர்கள் சில வாரங்களில் தேறிவிடுவார்கள். மாதக்கணக்கில் வலியோடு ஓடியவர்களுக்கு ஆறுவதற்கும் மாதக்கணக்கு ஆகும்.

இந்த நாட்களில் செய்ய வேண்டிய பயிற்சிகளில் குதிகாலை உயர்த்துவதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். வாசற்படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகால் வெளியே தொங்கும்படி நின்று, சுவரை லேசாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு எண்ணும்வரை மெல்ல மேலே எழும்பி, ஒரு நொடி நின்று, மூன்று எண்ணும்வரை மெல்ல இறங்க வேண்டும். இறங்கும்போது தொப்பென்று விழுந்தால் பயன் பாதியாகிவிடும், பெரும்பாலானவர்கள் அங்கேதான் அவசரப்படுகிறார்கள். முதலில் இரண்டு காலாலும் 15 முறை வீதம் மூன்று தடவை. எளிதாகிவிட்டால் ஒற்றைக் காலால். இதையே முழங்காலைச் சற்று மடக்கி வைத்தும் செய்ய வேண்டும், ஏனென்றால் முழங்கால் நேராக இருக்கும்போது மேல் சதை வேலையை எடுத்துக்கொள்ளும், மடக்கினால்தான் அடியிலுள்ள சோலியஸ் முழுமையாக உழைக்கும். ஒற்றைக் காலில் நிறுத்தாமல் 25 முறை செய்ய முடிகிறவருக்கு இந்த வலி திரும்பக் குறைவாகவே வருவதை நான் பார்த்திருக்கிறேன். அடுத்ததாக, சுவரில் முதுகைச் சாய்த்து, பாதங்களை ஒரு அடி முன்னே வைத்து, குதிகால் தரையிலிருக்க முன்பாதத்தை மட்டும் மேலே தூக்கி இறக்குவது. இது கணைக்காலின் முன்பக்கத் தசைக்கானது. இடுப்புக்கு, ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவது போதும்.

இனி, வலி வராமலே பார்த்துக்கொள்வது. தமிழ்நாடு இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். கணக்குப் போட்டால் 400 மீட்டர் சுற்று ஒன்றுக்கு 1 நிமிடம் 52 விநாடி. அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால்தான் முழு மதிப்பெண். அதற்குச் சுற்றுக்கு 1 நிமிடம் 22 விநாடி. இரண்டாவது கடினமான வேகம்தான். ஆனால் இரண்டுக்குமே தினமும் முழு வேகத்தில் ஓடிப் பார்ப்பது பயிற்சி ஆகாது. வாரத்தில் ஒரு நாள் வேகம் பழகினால் போதும், தொடக்கக்காரர்களுக்கு முதல் இரண்டு மாதங்களில் அதுவும் வேண்டாம். மற்ற நாட்களில் பக்கத்தில் ஓடுகிறவரோடு பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகம் வேண்டும். பேச்சு அறுபட்டால் வேகம் அதிகம். வாரத்துக்கு மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்பதே தொடக்கத்துக்கு நல்ல ஏற்பாடு.

வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதியைப் பலர் வேதவாக்காகச் சொல்வார்கள். 2008இல் நெதர்லாந்தில் புதிய ஓட்டக்காரர்களிடம் நடத்திய ஆய்வில், அந்த விதிப்படி 13 வாரம் பயிற்சி பெற்றவர்களுக்கும், வழக்கமான 8 வாரப் பயிற்சி பெற்றவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில், ஐந்தில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டது. கூட்டுவதில் நிதானம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பொது விதி ஒன்று எல்லாக் கால்களுக்கும் பொருந்தாது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். மூன்று வாரம் கூட்டி நான்காவது வாரம் குறைப்பது, முன்பு கால் வலி வந்தவரை மற்றவரைவிட மெதுவாகக் கூட்ட வைப்பது, தூரத்தையும் வேகத்தையும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டாமலிருப்பது ஆகியவற்றை நான் கடைப்பிடிக்கச் சொல்கிறேன். எல்லாவற்றையும்விட, அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் அதற்கு ஆறு மாதம் முன்பே நடையும் மெதுவோட்டமும் கலந்து தொடங்கிவிட்டால் இந்த வலியில் பெரும்பகுதி வராது. எந்த ஆண்டில் எப்போது அறிவிப்பு வரும் என்று தெரியாத தேர்வுகள் இவை என்பதாலேயே, எலும்பைத் தயாராக வைத்திருப்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

ஓடும் இடத்தைப் பற்றி ஆளுக்கொரு கருத்து உண்டு. பாலாற்றங்கரை ஊர்களில் ஆற்று மணலில் ஓடினால் கால் உறுதிப்படும் என்பார்கள். பழகியவருக்கு அது உண்மையாக இருக்கலாம். புதியவருக்குக் குதிகால் மணலில் புதைந்து ஒவ்வொரு அடியிலும் கெண்டைச் சதை கூடுதலாக இழுபடும், வலி விரைவில் வரும். கெட்டியான மண் தரைதான் தொடக்கத்துக்கு ஏற்றது. பாலமதி மலைப்பாதையில் ஓடுகிறவர்கள் ஏறும்போது ஓடி, இறங்கும்போது நடக்கலாம், ஏனென்றால் இறக்கத்தில்தான் கணைக்காலின் முன்பக்கம் அதிகம் அடி வாங்குகிறது. மைதானத்தில் எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றினால் வளைவுகளில் ஒரு காலுக்கே திருகு விழும். மெதுவோட்ட நாட்களில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து எதிர்த் திசையிலும் சுற்றலாம்.

ஷூவுக்கு நான் கொடுக்கும் இடம் சிறியது. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உலகத்துக்கே ஷூ தைக்கிற நம் பக்கத்தில், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தட்டை ரப்பர் அடியுள்ள கேன்வாஸ் ஷூவில் ஓடுவதைப் பார்க்க மனம் வருந்துகிறது; முடிந்தவர்கள் காலுக்குப் பொருந்துகிற சாதாரண ரன்னிங் ஷூ ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். விலை முக்கியமல்ல, போட்டதும் எங்கும் பிடிக்காமல், விரல்களுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்க வேண்டும். 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அடிப்பகுதி அமுங்கிப்போகும், அதற்குப் பிறகு மாற்ற வேண்டும். தட்டைப் பாதம் உள்ளவர்களுக்கு உள்ளே வைக்கும் தாங்கி உதவலாம். அடியை நீட்டி வைத்து ஓடுகிறவர்கள், வலது கால் தரையில் படுவதை அரை நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கிப் பார்க்கட்டும். நிமிடத்துக்கு 156 அடி வந்தால் அதை 164க்கு மேல் கொண்டுவர முயலலாம். அடி குறுகி எண்ணிக்கை கூடினால் ஒவ்வொரு அடியிலும் காலில் இறங்கும் விசை குறையும்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வலியும் எலும்பு விரிசலும் அவர்களுக்குக் கூடுதலாகவே வருகின்றன, அவர்கள் வெளியே சொல்வதோ குறைவு. எடை குறைய வேண்டும் என்று காலை உணவைத் தவிர்த்துவிட்டு ஓடுவதும், ஓடத் தொடங்கிய பிறகு மாதவிடாய் தள்ளிப்போவதும் நின்றுபோவதும் எலும்பு தேய்கிறது என்பதற்கான எச்சரிக்கை. வீட்டில் அம்மாவிடம் சொல்லி மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஓடுகிற உடலுக்குச் சாப்பாடு வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நம் வீடுகளின் கேழ்வரகுக் களியும் கீரையும், முள்ளோடு தின்கிற நெத்திலிக் கருவாடும், முட்டையும் பாலும் எலும்புக்கு வேண்டியதைத் தரும். எலும்பில் விரிசல் ஒரு தடவைக்கு மேல் வந்தவர்கள் வைட்டமின் டி அளவைச் சோதித்துக்கொள்வது நல்லது.

தேர்வு மூன்று வாரத்தில் இருக்கும்போது வலியோடு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் எனக்கு எப்போதும் கடினமான கேள்வி. ஒரே புள்ளியில் வலிப்பவரிடம், இந்தத் தேர்வை விட்டுவிட்டு மருத்துவரைப் பார் என்று சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அடுத்த அறிவிப்புக்குப் போக அவருக்குக் கால் வேண்டும். பரவி வலிப்பவர்கள் ஓட்டத்தை உடனே நிறுத்திவிட்டு, தினமும் சைக்கிளும் குதிகால் பயிற்சியும் செய்து, கடைசி வாரத்தில் மேலே சொன்ன மூன்று சோதனைகளும் தேறினால் மட்டும் இரண்டு நாள், ஒரு நாள் இடைவெளி விட்டு, சில சுற்றுகள் மெதுவாக ஓடிப் பார்க்கலாம். தேர்வுக்கு முந்தைய இரண்டு நாளும் ஓடவே கூடாது. தேர்வன்று காலையில் கால் மணி நேரம் நடந்து உடலைச் சூடேற்றிக்கொண்டு, முதல் சுற்றைக் கூட்டத்தோடு பாய்ந்து ஓடாமல், காவலர் தேர்வென்றால் 1 நிமிடம் 52 விநாடி என்பதுபோல, தனக்கு வேண்டிய நேரத்திலேயே நிதானமாக முடிக்க வேண்டும்.